குரல் முதல், படம் பிறகு: ஒன்லைன் கூட்டத்தின் செலவு குறைந்த வரலாறு

ஒன்லைன் கூட்டங்களில் நாங்கள் அதிகமாகச் சொல்லுகிற வசனம் எது என்று எண்ணிப் பார்த்தால், அது கட்டாயம் ‘கேக்குதா?’ என்பதாகத்தான் இருக்கும். ‘தெரியுதா?’ என்று கேட்கிற ஆக்கள் குறைவு. அதுவும் யாராவது ஸ்கிரீனைக் காட்டும்போது மட்டும்தான். ஆனால் கையில் கொஞ்சம் காசு சேர்ந்தவுடன் நாங்கள் முதலில் தேடுவது என்னவோ வெப்கமராவையும் வட்ட லைற்றையும்தான். காது கேட்காத பிரச்சினைக்குக் கண்ணாடி வாங்கிற மாதிரி.

இந்தக் குழப்பம் எங்களோட தொடங்கினது இல்லை. அதுக்கு அறுபது வருச வரலாறு இருக்கு. அந்த வரலாற்றில் பெரிய கம்பனி ஒன்றின் பெரிய தோல்வி இருக்கு, ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் இருக்கு, நடுச்சாமத்தில் தூக்கிச் செல்லப்பட்ட கதிரை மெத்தைகளும் இருக்கு. குறைஞ்ச காசில் நல்லாக் கேட்கவும் நல்லாத் தெரியவும் என்ன செய்யலாம் என்பதற்கான பதிலும் அதுக்குள்ளேயே கிடக்கு என்பதால், அந்த வழியாகவே போய்ப் பார்ப்போம்.

முதலில், இது ஏன் முக்கியம் என்று சொல்லிவிடுகிறோம். 2018இல் எரின் நியூமன், நோர்பர்ட் ஷ்வார்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். விஞ்ஞானிகள் மாநாட்டில் பேசின வீடியோக்களையும், வானொலி நேர்காணல்களையும் எடுத்து, ஒரு பகுதி ஆக்களுக்குத் தெளிவான ஒலியோடும், இன்னொரு பகுதிக்கு அதே பேச்சைக் கெடுத்த ஒலியோடும் கொடுத்தார்கள். சொல் ஒன்றும் மாறவில்லை. ஆனாலும் கெட்ட ஒலியில் கேட்டவர்கள், ஆய்வும் அவ்வளவு நல்லதில்லை, ஆய்வாளரும் அவ்வளவு கெட்டிக்காரர் இல்லை என்று மதிப்பிட்டார்கள். 2025இல் யேல் பல்கலைக்கழகத்தில் பிரையன் ஷோலும் அவரோடு சேர்ந்தவர்களும் இதையே வேலைக்கு ஆள் எடுக்கிற இடத்துக்குக் கொண்டுபோனார்கள். ஒரே வசனங்கள், ஒரே குரல். ஒன்றில் நல்ல மைக், மற்றதில் தகர டப்பாவுக்குள் கதைக்கிற மாதிரி மெலிந்த ஒலி. தகரக் குரலுக்கு அறிவும் குறைவு, நம்பகத்தன்மையும் குறைவு, வேலை கொடுக்கிற விருப்பமும் குறைவு என்று புள்ளிகள் விழுந்தன. ஷோலுக்கு இந்த யோசனை வந்ததே ஒரு ஒன்லைன் கூட்டத்தில்தான். நல்ல மைக் வைத்திருந்த ஒருத்தர் சொன்னதெல்லாம் அவருக்குச் சரியாகப் பட்டுதாம். வழமையாகத் தான் உடன்படுகிற இன்னொருத்தர் பழைய லப்டொப்பில் கதைத்தபோது அப்படிப் படவில்லையாம்.

கிளிநொச்சியிலிருந்தோ ஹற்றனிலிருந்தோ கொழும்பில் உள்ள கம்பனி ஒன்றுக்கு நேர்முகத் தேர்வு கொடுக்கிற ஒருத்தரை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டாவது மொழியில் கதைக்கிற கஷ்டம் ஏற்கெனவே இருக்கு. அதோட தகரக் குரலும் சேர்ந்தால், எதிரில் இருக்கிறவருக்குத் தான் ஏன் அந்தப் பிள்ளையை நம்பவில்லை என்பதே தெரியாமல் போய்விடும்.

சரி, அந்தப் பெரிய தோல்விக்கு வருவோம். 1964இல் நியூயோர்க் உலகக் கண்காட்சியில் அமெரிக்காவின் ஏரி அன்ட் ரி கம்பனி ‘பிக்சர்போன்’ என்ற ஒன்றைக் காட்சிக்கு வைத்தது. ரெலிபோனோடு ஒரு சின்னத் திரை, ஒரு கமரா. அதே வருசம் ஜூன் மாசம் நியூயோர்க், வாஷிங்டன், சிக்காகோ மூன்று இடத்திலும் காசு கட்டிக் கதைக்கிற பிக்சர்போன் அறைகள் திறக்கப்பட்டன. அமெரிக்க ஜனாதிபதியின் மனைவி லேடி பேர்ட் ஜோன்சன் வாஷிங்டனிலிருந்து முதல் அழைப்பை எடுத்தார். நியூயோர்க்குக்கும் வாஷிங்டனுக்கும் இடையில் மூன்று நிமிசத்துக்கு 16 டொலர். அப்போது அங்கே சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணித்தியாலத்துக்கு 1.25 டொலர். அதாவது ஒரு கூலித் தொழிலாளி ஏறக்குறைய 13 மணித்தியாலம் வேலை செய்தால்தான் மூன்று நிமிசம் முகம் பார்க்கலாம்.

1970இல் பிற்ஸ்பேர்க் நகரத்தில் அலுவலகங்களுக்கு இந்தச் சேவையைத் தொடங்கினார்கள். மாசம் 160 டொலர், அதில் அரை மணித்தியாலக் கதை மட்டும் சேர்த்தி. 1980 அளவில் பத்து இலட்சம் பிக்சர்போன் ஓடும் என்பது கம்பனியின் கனவு. உண்மையில் சேர்ந்தது சில நூறு. கருவி விலை கூட, மற்றப் பக்கத்திலும் ஒன்று இருந்தால்தான் பிரயோசனம், வீட்டு உடுப்போட இருக்கும்போது யார் எடுப்பார்களோ என்ற பயம் வேறு. காரணங்கள் நிறையச் சொல்லப்பட்டிருக்கு. எங்களுக்கு அதில் பிடித்தது ஒரு சின்னத் தொழில்நுட்ப விபரம். பிக்சர்போனின் அந்தச் சின்னக் கறுப்பு வெள்ளைப் படத்துக்குத் தேவைப்பட்ட அலைவரிசை அகலம் 10 இலட்சம் ஹேர்ட்ஸ். அதோட போன குரலுக்கு மூவாயிரம் சொச்சம். முந்நூறு மடங்கு வித்தியாசம்! படத்துக்காக இரண்டு சோடிக் கம்பி தனியாக இழுத்தார்கள். குரல் வழமையான ரெலிபோன் கம்பியிலேயே போனது. செலவு முழுக்கப் படத்துக்கு, விசயம் முழுக்கக் குரலில்.

பிறகு வந்தவர்களும் படத்தின் பின்னால்தான் போனார்கள். 1991இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வுகூடத்தில், கீழே கோப்பி இருக்கா முடிஞ்சுதா என்று மேசையிலிருந்தே பார்க்க ஒரு கமராவைப் பூட்டினார்கள். 128க்கு 128 புள்ளி, நிறமில்லாத படம். 1993இல் அது வெப்பில் ஏறி உலகப் புகழ் பெற்றது, 2001 ஓகஸ்ட்டில் நிறுத்தப்பட்டது. கோப்பிப் பாத்திரம் கதைக்கத் தேவையில்லை என்பதால் அங்கே படம் மட்டும் போதும். ஆனால் 1992இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் எழுதப்பட்ட ‘சீயூ-சீமீ’ என்ற மென்பொருள், சாதாரணக் கணினியில் இன்டர்நெட் வழியாக ஆக்கள் முகம் பார்க்க வழி செய்த முன்னோடிகளில் ஒன்று. அதன் முதல் பதிப்பில் ஒலியே இல்லை! ஆளை ஆள் பார்த்துக்கொண்டு தட்டச்சில் கதைக்கிற நிலை. ஒலி பிறகுதான் சேர்ந்தது. 1994இல் ‘குயிக்காம்’ என்ற உருண்டை வெப்கமரா ஏறக்குறைய 100 டொலருக்கு வந்தது, அதுவும் கறுப்பு வெள்ளை. இன்றைக்கு லப்டொப்பின் மேல்விளிம்பில் இருக்கிற கமராவின் வம்சம் இதுதான்.

எங்கட பக்கத்தில் அந்த வருசங்களில் ஆக்கள் குரலைத்தான் தேடிப் போனார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் ஒரு அழைப்புக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியாவுக்கும் கொழும்புக்கும் பயணம் செய்து, ‘கொமியூனிகேசன்’ கடை வாங்கில் காத்திருந்த தலைமுறை இன்னும் எங்கட வீடுகளில் இருக்கு. பேச்சைப் பதிந்து கசற்றில் அனுப்பின காலமும் இருந்தது. அந்த ஆக்களிடம் போய்ப் படம் முக்கியமா குரல் முக்கியமா என்று கேட்டுப் பாருங்கள்.

ஆனால் அந்த ரெலிபோன் குரல் ஏன் அப்படி மெலிந்து கேட்டது? மனிசக் குரலில் 300 ஹேர்ட்ஸிலிருந்து 3,400 ஹேர்ட்ஸ் வரைக்கும் உள்ள பகுதி வந்து சேர்ந்தால் கதை விளங்கும் என்பது ரெலிபோன் பொறியியலாளர்கள் எடுத்த முடிவு. மிச்சத்தை வெட்டினார்கள். டிஜிட்டலுக்கு மாறினபோதும் நொடிக்கு 8,000 தடவை மட்டும் குரலை அளந்தார்கள். அதுக்கு மேலே 4,000 ஹேர்ட்ஸைத் தாண்ட முடியாது. கதை விளங்கும், ஆனால் ‘எஸ்’ஸும் ‘எஃப்’பும் ஒரே மாதிரிக் கேட்கும். அந்த இரண்டு ஒலியையும் பிரித்துக் காட்டுகிற சீறல் பெரும்பாலும் வெட்டிப் போட்ட பகுதிக்குள்தான் இருக்கு. போனில் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லிக் களைத்த எல்லாருக்கும் இது தெரியும்.

இது பழங்கதை மட்டும் இல்லை. காசு கூடக் கொடுத்து வாங்கின புளூடூத் ஹெட்செட் பாட்டுக்கு அருமையாக இருந்துவிட்டு, மீட்டிங்கில் மைக் போட்டவுடன் கிணத்துக்குள்ளிருந்து கேட்கிற மாதிரி ஆகிறதைக் கவனித்திருப்பீர்கள். மைக்கும் ஸ்பீக்கரும் ஒன்றாக ஓட வேண்டும் என்றால் பல புளூடூத் கருவிகள் ‘கோல்’ எடுக்கிறதுக்கென்று செய்த இன்னொரு பாதைக்கு மாறும். அந்தப் பாதை முதலில் செய்யப்பட்டது பழைய ரெலிபோனின் அதே 8,000 அளவில். 2011இல் அதை 16,000 ஆகக் கூட்டினார்கள், ஆனால் இரண்டு பக்கக் கருவியும் அதுக்கு ஒத்துழைத்தால்தான். அதனால் ஒரு கொத்துரொட்டிக் காசுக்கு வாங்கிற, வயர் உள்ள இயர்போனின் மைக், அதைவிடப் பல மடங்கு விலையான வயர்லெஸ்ஸை வெல்லுவது அடிக்கடி நடக்கும்.

கொத்துரொட்டிக் காசுக்கு நல்ல மைக் எப்படி வருது என்பதுதான் இந்த வரலாற்றில் எங்களுக்கு மிகப் பிடித்த பகுதி.

ஜேம்ஸ் வெஸ்ட் 1931இல் அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில் பிறந்த கறுப்பினத்தவர். அவர் பௌதிகவியல் படிக்கப் போறேன் என்றபோது வீட்டில் விருப்பமில்லை. கலாநிதிப் பட்டம் பெற்ற கறுப்பின ஆக்கள் சிலரைத் தகப்பன் கூட்டிக்கொண்டு வந்து காட்டினாராம். அவர்களுக்குக் கிடைத்த நல்ல வேலை தபால் கந்தோரில். டொக்டருக்குப் படி என்பது வீட்டுத் தீர்ப்பு. (இந்த உரையாடலுக்கு எங்கட வாசகர்களுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படாது.) வெஸ்ட் கேட்கவில்லை. பெல் ஆய்வுகூடத்தில் சேர்ந்தார். அங்கே காது சம்பந்தமான ஒரு பரிசோதனைக்கு மெல்லிய பிளாஸ்டிக் தாளை வைத்து இயர்போன் செய்து பார்த்தார்கள். அது வேலை செய்ய நூற்றுக்கணக்கான வோல்ற் மின்சாரம் கொடுக்க வேண்டும். ஒரு தடவை மின்சாரத்தைக் கழற்றின பிறகும் அது தொடர்ந்து வேலை செய்தது. ஏன் என்று தேடிப் போனபோதுதான், அந்தத் தாள் மின்னேற்றத்தைத் தனக்குள்ளேயே பிடித்து வைத்திருக்கு என்பது விளங்கியது. வெஸ்ட்டும் ஜேர்மனியரான கேர்ஹார்ட் செஸ்லரும் சேர்ந்து, 1962இல் டெஃப்லோன் தாளில் உலோகப் பூச்சுப் பூசி ஒரு மைக் செய்தார்கள். எலெக்ட்ரெட் மைக். எங்கட குசினித் தாச்சியில் ஒட்டாமல் இருக்கப் பூசுகிற அதே டெஃப்லோன்தான்.

அதுவரைக்கும் நல்ல ஒலி எடுக்கிற கொன்டென்சர் மைக்குக்கு வெளியிலிருந்து உயர்ந்த மின்னழுத்தம் வேண்டும், விலையும் அப்படி. ரெலிபோனில் இருந்தது கரித்துகள் மைக். மலிவு, ஆனால் கரகரப்பு. எலெக்ட்ரெட் இரண்டுக்கும் நடுவால் வந்து, ஸ்டூடியோ மைக்கின் தத்துவத்தைச் சில்லறைக் காசுக்குக் கொண்டுவந்தது. 1968இல் சோனி அதைத் தொழிற்சாலை அளவில் செய்யத் தொடங்கியது. கசற் ரெக்கோடர், காது கேட்கும் கருவி, ரெலிபோன், பிறகு கைபேசி. கைபேசிக்குள் இப்போது பெரும்பாலும் சிலிக்கனில் செய்த இன்னும் சின்ன மைக்குகள். இயர்போன் வயரில் தொங்குகிற அந்த அரிசி மணி மைக்கைக் குறைத்து எண்ண வேண்டாம்.

அப்படியென்றால் லப்டொப்பில் ஏற்கெனவே இருக்கிற மைக் ஏன் சரியாக எடுக்கிறதில்லை? அதன் தரத்தைவிடத் தூரம்தான் கூடுதலான காரணம். ஒலியிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால், வந்து சேர்கிற அளவு 6 டெசிபெல் குறையும். லப்டொப் மைக் வாயிலிருந்து 60 சென்ரிமீற்றரில், இயர்போன் மைக் 15 சென்ரிமீற்றரில் என்றால் 12 டெசிபெல் வித்தியாசம். உங்கட குரல் இப்படி இறங்கும்போது ஃபான் சத்தமும், வீதியில் போகிற ஓட்டோவும், தகரக் கூரையில் விழுகிற மழையும் இறங்காது. அதெல்லாம் முதலே தூரத்தில்தானே இருக்கு. பத்தாயிரக் கணக்கில் விலை போகிற மைக்கை வாங்கி மேசையின் மற்றக் கரையில் வைத்தாலும் இதே கதைதான். மைக்கை வாய்க்கு நேரே பிடிக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் வைத்தால் ‘ப’ ‘ஃப’ சொல்லும்போது காத்து அடிக்கிற சத்தமும் வராது. சேர்ட் கொலரில் உரசாமல் ஒரு கிளிப்.

இனி அந்தக் கதிரை மெத்தைகள். 1895இல் ஹார்வார்ட் பல்கலைக்கழகம் ஃபொக் கலைக்கூடத்தில் புதுசாக ஒரு விரிவுரை மண்டபம் கட்டியது. கட்டி முடித்துப் பார்த்தால் அதுக்குள் யார் கதைத்தாலும் ஒன்றும் விளங்கவில்லை. ஒரு சத்தம் எழுப்பினால் அது அடங்க ஐந்தரை நொடி எடுத்தது. ஆறுதலாகக் கதைக்கிற ஒருத்தர்கூட அந்த நேரத்துக்குள் அடுத்த பன்னிரண்டு, பதினைந்து அசையைச் சொல்லி முடித்துவிடுவார். எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று விழும். சரி செய்யச் சொல்லி வாலஸ் சபைன் என்ற இளம் பௌதிக விரிவுரையாளரிடம் கொடுத்தார்கள். அவரிடம் இருந்தது ஒரு ஓர்கன் குழாய், நேரம் எடுக்க ஒரு கருவி, தன்னுடைய காது. பக்கத்தில் இருந்த சான்டேர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை ஊர் அடங்கின பிறகு இரவில் தூக்கிக்கொண்டு வந்து, கொஞ்சம் கொஞ்சமாக அடுக்கி, ஒவ்வொரு தடவையும் எத்தனை நொடியில் சத்தம் அடங்குது என்று அளந்தார். விடிய முதல் எல்லா மெத்தையையும் திருப்பி வைக்கவும் வேண்டும். மெத்தை முழுக்க அடுக்கினபோது ஐந்தரை நொடி ஏறக்குறைய ஒரு நொடியாக இறங்கியது. மண்டப ஒலியியல் என்ற துறை இந்த இரவு வேலையிலிருந்துதான் வளர்ந்தது. 1900இல் திறந்த பொஸ்டன் சிம்பொனி மண்டபம் சபைனின் கணக்கை வைத்துக் கட்டப்பட்டது.

எங்கட வீடுகள் பெரும்பாலும் சீமெந்து நிலம், பூசின சுவர், வெளிச்ச வீட்டு மாதிரிப் பெரிய யன்னல். வெக்கைக்கு நல்லது, மைக்குக்குக் கூடாது. இதுக்குச் சந்தையில் கறுப்பு நுரைப் பஞ்சுத் தகடுகள் விற்கிறார்கள். வாங்க வேண்டாம் என்பதே எங்கட அபிப்பிராயம். சபைன் பயன்படுத்தின பொருள் உங்கட கட்டிலில் கிடக்கு. மெத்தையும் தலகணியும் உள்ள படுக்கையறையில் இருந்து கதையுங்கள். விறாந்தையில்தான் சிக்னல் என்றால் லப்டொப்புக்குப் பின்னால் இருக்கிற சுவரில், அதாவது உங்கட வாய் பார்க்கிற பக்கத்தில், ஒரு தடிச்ச பெட்சீட்டைக் கொழுவுங்கள். மேசைக்கு மேலே மடிச்ச துவாய் ஒன்று. உடுப்புக் கொடியில் சீலைகள் தொங்குகிற மூலை ஒரு நல்ல ஸ்டூடியோ. பிபிசி தன் தொடக்க காலத்தில், 1920களில், சவோய் ஹில் ஸ்டூடியோவின் சுவர்களில் தடிச்ச துணிகளைத்தான் தொங்கவிட்டிருந்தது.

எக்கோ என்று நாங்கள் சொல்லுகிற இன்னொன்று இருக்கு: நான் கதைத்தது உங்கட ஸ்பீக்கரால் வந்து, உங்கட மைக்குக்குள் போய், எனக்கே திரும்பி வருவது. செய்மதி வழியாக ரெலிபோன் கதைக்கத் தொடங்கின 1960களில் இது பெரிய தலையிடியாக இருந்தது. குரல் 36,000 கிலோமீற்றர் மேலே போய்க் கீழே வர ஏறக்குறைய கால் நொடி. எதிரொலியாகத் திரும்பி வர அரை நொடி. முதலில் இருந்த மருந்து, ஒரு பக்கம் கதைத்தால் மற்றப் பக்கத்தை மூடுவது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாய் திறந்தால் ஒருத்தர் காணாமல் போவார். பெல் ஆய்வுகூடத்தில் இந்தியாவில் பிறந்த மன் மோகன் சொந்தி உட்பட்ட சிலர், திரும்பி வரப்போகிற எதிரொலியைக் கணித்து அதை மட்டும் கழித்துவிடுகிற முறையை உருவாக்கினார்கள்; 1967இல் சொந்தியின் கட்டுரை வந்தது. இன்றைய சூம், கூகுள் மீட் எல்லாம் அந்தக் கணக்கின் பேரப்பிள்ளைகள். ஆனாலும் ஸ்பீக்கரைக் கூட்டி வைத்தால் அந்தக் கணக்கு இன்னும் தடுமாறும், பழையபடி ஆளை வெட்டும். விவாதம் நடக்கிற கூட்டங்களில், மெதுவாகக் கதைக்கிற பெண் பிள்ளைகளின் குரல் இப்படி வெட்டுப்பட்டுப் போவதை நாங்கள் கண்டிருக்கிறோம். எல்லாரும் இயர்போன் போட்டால் கழிக்க வேண்டிய எதிரொலியே இருக்காது.

படத்துக்கு வருவோம். அதையும் ஒரேயடியாக ஒதுக்க முடியாது. காது கேளாத நண்பர்கள் சைகையில் கதைக்க, உதட்டைப் பார்த்து விளங்கப் படம்தான் குரல். அந்தப் படம் இவ்வளவு மலிவாக வந்து சேருவதற்குக் காரணமான கணக்குக்குச் சொந்தக்காரர் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. படத்தைச் சின்னச் சதுரங்களாகப் பிரித்து, கண்ணுக்கு அவ்வளவு தெரியாத நுணுக்கங்களை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் அனுப்ப உதவுகிற அந்தக் கணக்கை ஆராய 1972இல் அவர் அமெரிக்காவின் தேசிய விஞ்ஞான நிதியத்திடம் பணம் கேட்டார், கிடைக்கவில்லை. யோசனை மிக எளிமையாக இருக்காம். அவர், தன் மாணவர் நடராஜன், நண்பர் ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974இல் அதை வெளியிட்டார். போனில் இருக்கிற ஜேபெக் படம் தொடங்கி வீடியோ கோல் வரைக்கும் அதன்மேல்தான் நிற்குது.

வீடியோ கோலில் இன்னொரு தந்திரமும் உண்டு: முந்தைய படத்திலிருந்து மாறின பகுதிகள்தான் அதிகமாக அனுப்பப்படும். பின்னால் திரைச்சீலை ஆடினால், ஃபான் சுற்றினால், தம்பி குறுக்கால போய் வந்தால், இருக்கிற கொஞ்ச டேட்டாவும் அதுக்குப் போய் உங்கட முகம் கட்டம் கட்டமாக உடையும். அசையாத வெறும் சுவர் போதும்.

டேட்டாக் கணக்கையும் பார்த்துவிடுவோம். சூம் தானே சொல்லுகிற அளவுப்படி குரல் மட்டும் போக நொடிக்கு 60 முதல் 80 கிலோபிட், இரண்டு பேருக்கு நல்ல தர வீடியோ என்றால் 600. ஒரு மணித்தியாலத்துக்கு, ஒரு திசையில், 36 மெகாபைற்றும் 270 மெகாபைற்றும். 2012இல் வந்த ‘ஓபஸ்’ என்ற இலவச ஒலி முறை நொடிக்கு 30 கிலோபிட்டுக்குள்ளேயே பழைய ரெலிபோனைவிடத் தெளிவான குரலைக் கொண்டுபோகும். வாட்ஸ்அப் வொய்ஸ் மெசேஜ் அதில்தான் பதிவாகுது. அதனால் சிக்னல் இழுபட்டால் யோசிக்காமல் கமராவை நிறுத்துங்கள். ‘கமரா போடாதவர்களுக்கு வரவு இல்லை’ என்று சட்டம் போடுகிற வகுப்புகளுக்கு இந்த இரண்டு எண்ணையும் எழுதி அனுப்பலாம்.

முகம் இருட்டாகத் தெரியுது என்று கமரா மாற்ற நினைக்கிறவர்களுக்கு ஒரு பழைய கதை. கொடாக் கம்பனி 1950களிலிருந்து நிறப்படக் கடைகளுக்கு ‘ஷேர்லி அட்டை’ என்று ஒன்று அனுப்பியது. வெள்ளைத் தோல் உள்ள ஒரு பெண்ணின் படம். அவளின் நிறம் சரியாக வந்தால் மெஷின் சரி. கறுத்த தோல் சேறு மாதிரி விழுந்தது. அது பிழையாக யாருக்கும் படவில்லை. கடைசியில் கொடாக்கை அசைத்த முறைப்பாடுகளில் சொக்கலேற், மரத்தளபாடக் கம்பனிகளின் முறைப்பாடும் இருந்தது, தங்கட பொருளின் மண்ணிறம் விளம்பரத்தில் சரியாக விழவில்லை என்று. கமராக்கள் இப்போது திருந்தி வருகின்றன. ஆனாலும் பின்னால் வெளிச்சமான யன்னலோ பளிச்சென்ற வெள்ளைச் சுவரோ இருந்தால், கமரா அந்த வெள்ளைக்கு ஏற்றபடி தன்னைக் குறைத்து எங்கட முகத்தை இருட்டாக்கும். கதிரையைத் திருப்பி யன்னலைப் பார்த்து இருங்கள். பின்னால் கொஞ்சம் நிறமான துணி. முகத்துக்குக் கீழே மேசையில் ஒரு வெள்ளைத் தாள் வைத்தால் கண்ணுக்குக் கீழே விழுகிற நிழல் குறையும். இரவில் ரியூப் லைற்றில் படத்தில் வரி வரியாக ஓடினால், கமரா செற்றிங்கில் 60 ஹேர்ட்ஸ் என்று இருப்பதை 50 ஆக்குங்கள்; எங்கட நாட்டு மின்சாரம் 50. வெப்கமரா வாங்கிற காசு மிச்சம். இருக்கிற போனின் கமரா பெரும்பாலான லப்டொப் கமராவைவிட நல்லது. அதை வெப்கமராவாக மாற்ற இலவசச் செயலிகள் இருக்கு. போனைக் கண் உயரத்தில் நிறுத்தப் பாடப் புத்தகங்கள் போதும்.

2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடினபோது எங்களில் பலருக்கு இது ஒன்றும் தெரியாது. அரச பல்கலைக்கழக மாணவர்களுக்கு ‘லேர்ன்’ வலையமைப்பு வழியாக டேட்டாக் கட்டணம் இல்லாமல் சூம் கிடைத்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அது இல்லை. 2021இல் போகித்தியாவ என்ற கிராமத்தில் ஒன்லைன் வகுப்புக்காக ஆசிரியரும் பிள்ளைகளும் சிக்னல் தேடிப் பாறை ஏறின செய்தி உலகம் முழுக்கப் போனது. அடுத்த வருசம் டொலர் 200 ரூபாயிலிருந்து சில மாசத்துக்குள் 360ஐத் தொட்டது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியால மின்வெட்டு. வெளிநாட்டு வீடியோக்கள் சொல்லித் தருகிற ‘பட்ஜெட்’ மைக்கின் விலை எங்களுக்கு மூன்று மாசத்தில் இரட்டிப்பாகக் கிட்ட வந்தது. அந்த வருசம் எங்கட கூட்டங்கள் நின்றுபோகாமல் இருந்ததுக்குக் காரணம் ரூட்டருக்குப் பூட்டின சின்ன பற்றரிப் பெட்டியும், கமராக்களை மூடி வைத்ததும்தான்.

ஊரில் இருக்கிற சனசமூக நிலையங்களில் பத்திரிகை வாசிக்கிற மேசைக்குப் பக்கத்தில் பாவிக்காத ஒரு சின்ன அறை பெரும்பாலும் இருக்கும். ஒரு பழைய மெத்தை, யன்னலைப் பார்த்த கதிரை, வயர் உள்ள இரண்டு இயர்போன், ரூட்டருக்கு ஒரு பற்றரி. நேர்முகத் தேர்வு உள்ள பிள்ளைகள் முதல் நாளே வந்து, போனில் ஒரு நிமிசம் தங்கட குரலைப் பதிந்து, இன்னொருத்தரிடம் கொடுத்துக் கேட்கச் சொல்லலாம். உங்கட ஊரில் அப்படி ஒரு அறை இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். பெட்சீட் கொழுவ ஆணி அடிக்க நாங்களும் வருவோம்.